ஒரே கை, இரண்டு வகுப்பு

அந்த வகுப்புப் படம் இணையத்தில் வெளியாகிப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. நான்காம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்துவிட்டது. எடுத்து மேசை டிராயருக்குள் போட்டாள். இப்போது டிராயர் அதிர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

தினமும் காலையில் ஒவ்வொரு வகுப்பையும் படமெடுத்துக் கல்வித் துறையின் செயலியில் ஏற்ற வேண்டும். செயலி முகங்களை எண்ணிக்கொள்ளும். படமும் எண்ணிக்கையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வந்துவிடும். பதினைந்து முகம்கூடத் தேறாத வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். அங்கே தற்காலிக ஆசிரியருக்கு வேலை இருக்காது. நான்காம் வகுப்பு டீச்சர் தற்காலிகம்.

அதனால் மழைநாளிலும் காய்ச்சல் காலத்திலும் ஐந்தாம் வகுப்பு டீச்சர் தன் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரைப் படத்துக்கு அனுப்பிவைப்பாள். செயலிக்கு எண்ணத்தான் தெரியும், அடையாளம் தெரியாது. அந்தப் படம் எடுத்த அன்றைக்கு ஐந்திலும் ஆள் குறைவு. நான்காம் வகுப்பு டீச்சரின் மகள்தான் இருந்தாள். கை உடைந்ததிலிருந்து அவளை வீட்டில் தனியே விட முடியாமல் டீச்சர் கூடவே கூட்டி வருகிறாள். யாருடைய பழைய சீருடையையோ மாட்டி, தலையை வாரி, காலரை இழுத்துவிட்டு இரண்டு வகுப்பிலும் நிறுத்தினார்கள். முழங்கைவரை இருந்த மாவுக்கட்டு மட்டும் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

பள்ளிக்கூடப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற யாரோ ஒருவனுக்குப் பழகவில்லை. இரண்டு படத்திலும் கட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'ஒரே கை, இரண்டு வகுப்பு' என்று வெளியிட்டிருந்தான்.

இடைவேளையில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வந்தாள்.

"ஒரு அம்மா என்ன போட்டிருக்கா பாத்தியா? 'என் புள்ளையையும் ரெண்டு வகுப்புல நிறுத்துங்க டீச்சர், சீக்கிரம் படிச்சு முடிச்சிடுவான்'னு." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் பரவுதாக்கா?"

"அதை விடு. அதிகாரி வந்தாச்சு, ஹெச்.எம். ரூம்ல இருக்கார். பயந்துபோய் உளறி வைக்காத. 'எம் பொண்ணு சார், கை உடைஞ்சு லீவுல இருக்கா, பாத்துக்க ஆள் இல்ல'ன்னு சொல்லு. எந்த ஸ்கூல்னு கேட்டா பேரைச் சொல்லிடு. திட்டுவார், ஒரு மெமோ குடுப்பார், அதோட போச்சு. எனக்கும் ஒண்ணு உண்டு."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, அவ எந்த ஸ்கூல்? நான் கேட்டதே இல்ல பாரு."

"வரேன்க்கா," என்று டீச்சர் எழுந்துகொண்டாள்.

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரோ விட்டுப்போன பாடப்புத்தகம். பக்கம் புரளாமல் இருக்கக் கட்டுப்போட்ட கையை அதன்மேல் வைத்திருந்தாள்.

"அம்மா, மூணாவது படிக்கற பையன் ஒருத்தன் ஆட்டோகிராஃப் கேக்கறான். கட்டு மேல அவன் எழுதணுமா, நான் எழுதணுமா?"

"பேசாம உக்காரு."

அதிகாரி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார். "உக்காருங்க டீச்சர். காலையிலேர்ந்து மேலேர்ந்து போன் மேல போன். யாரு பொண்ணு அது?"

"என் பொண்ணுதான் சார்."

"பாடம் ரொம்ப நல்லா எடுப்பாங்க சார்," என்றார் தலைமையாசிரியர்.

"எடுப்பாங்க மேடம். பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலையே யாரும். பொண்ணு பேரு, பிறந்த தேதி சொல்லுங்க."

டீச்சர் சொன்னாள். திரையில் ஒரு பச்சை வரி வந்தது. அதிகாரியின் முகம் தெளிந்தது.

"இதோ இருக்காளே. நாலாம் வகுப்பு, 'படிக்கிறாள்'னு காட்டுது. நான்கூட எந்தப் பதிவுலயும் இல்லாத புள்ளையோன்னு பயந்துட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துல, லீவுல இருக்கான்னு ஒரு கடிதம் வாங்கிக் குடுத்துடுங்க. உங்களுக்கும் அஞ்சாம் வகுப்பு டீச்சருக்கும் மெமோவோட முடிச்சிடலாம். இல்லேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"வாங்க முடியாது சார்."

"ஏன்?"

"அந்தப் பள்ளிக்கூடத்தைப் போன வருஷமே மூடிட்டாங்க. படத்துல ஆள் குறைஞ்சுபோச்சுன்னு."

அதிகாரி திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். வரி பச்சையாகவே இருந்தது.

"அப்ப இங்கயே சேத்திருக்கலாமேம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

"அங்கேர்ந்து பதிவை விடுவிச்சாத்தான் மேடம் இங்க ஏறும். விடுவிக்க அங்க யாரும் இல்ல. ஆபீசுக்கு எழுதி எழுதிப் பாத்தேன். 'படிக்கிறான்னுதானே காட்டுது, என்ன அவசரம்'னு கேட்டாங்க. டீச்சர் பொண்ணு வீட்டுல இருக்கான்னு வெளிய சொல்ல எனக்கு வாய் வரல."

"இருங்க இருங்க," என்றார் அதிகாரி. "அப்ப இத்தனை நாளா அவ எங்கதான் படிக்கிறா?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். டீச்சர் எழுந்து கதவைச் சாத்தப் போனாள், பாதியில் நின்றாள். பிறகு வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"எங்கயும் இல்ல சார். எம் பொண்ணு ஒரு வருஷமா எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல."