நர்மதாவின் இரண்டு கிணறுகள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்தது அல்ல. கும்மிடிப்பூண்டி லோக்கலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த நர்மதாவிடமிருந்து வாங்கியது. அவள் மடியில் செங்கல் பருமனுக்கு ஒரு புத்தகம். பைபிள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். எண்ணெய், எரிவாயுக் கணக்கியல் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"எங்க வேலை?" என்று கேட்டேன்.

"தவிட்டெண்ணெய் கம்பெனிலக்கா."

தொடக்கம் ஒன்று: 'சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் ஒரு சொட்டு எண்ணெயைப் போல...' வேண்டாம். எட்டரைக்குள் விரல் ரேகை வைக்க ஓடுகிறவள் சூரியனை எங்கே பார்த்திருக்கப் போகிறாள்.

தொடக்கம் இரண்டு: 'துளசிராமனுக்கு அன்று காலை ஒரு யோசனை வந்தது.' இது சரி. எல்லாத் தொல்லையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

2

துளசிராமன்தான் அந்தக் கம்பெனி முதலாளி. பொன்னேரி பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து தவிடு வாங்கி எண்ணெய் எடுக்கிறவர். நர்மதா அங்கே பதினாலு வருஷமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். மேனேஜர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வேலையை மட்டும் நர்மதா பார்த்தாள்.

அன்று காலை முதலாளி செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டுக் கழகம் ஒன்று கொடுக்கும் ஆயில் அண்ட் கேஸ் அக்கவுண்ட்டிங் சான்றிதழ்.

"இத்த பாஸ் பண்ணு. அந்த மேனேஜர் சீட்டு உனக்கு."

"சார், இது கச்சா எண்ணெய். கடல்ல தோண்டி எடுக்கிறது."

"நம்ம இன்னா விக்கிறோம்?"

"ஆயில்."

"கேண்டீன்ல இன்னா எரியுது?"

"கேஸ்."

"அப்புறம் இன்னாமா பேஜாரு?"

(இந்த இடத்தில் எனக்கு நர்மதாமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் ஏன் ஒத்துக்கொண்டாள்? கேட்டேன். "எல்லாம் கரெக்டா இருக்கிற வாய்ப்பு நமக்கு எப்பக்கா வந்துது? தப்பா வந்ததுன்னாலும் வாய்ப்புதானே" என்றாள். அதற்குப் பிறகு நான் சந்தேகப்படவில்லை.)

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் நிறுவனம் தோண்டிய கிணறுகள் எத்தனை? நர்மதா பொய் எழுதமாட்டாள். கம்பெனி வளாகத்தில் இரண்டு போர்வெல் உண்டு. இரண்டு என்று எழுதினாள். அதில் வறண்டது? ஒன்று. கிணற்றிலிருந்து என்ன வருகிறது என்று படிவம் கேட்கவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

3

பதினோரு மாதம் ரயிலிலேயே படித்து எழுத்துத் தேர்வில் தேறினாள். மிச்சம் இருந்தது வீடியோவில் ஒரு நேர்காணல். சனிக்கிழமை மதியம், பொன்னேரியில் அவள் வீட்டில். வாசலில் அவள் கணவன் கோபால் மீன்காரம்மாவைச் சைகையாலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். திரையில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்மணியும். பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"வறண்ட கிணற்றை ஏட்டில் எப்படிக் காட்டினீர்கள்?" என்று கேட்டார் அவர்களில் தலைவர்.

இது நர்மதாவுக்கு மனப்பாடம். அந்த போர்வெல் பொய்த்த வருஷம் முதலாளி, "குழி அங்கதானே இருக்கு, எங்கயும் ஓடிப் போவலயே? சொத்துல போடு" என்று நின்றார். இவள், "ஒண்ணும் வராத குழி சொத்தில்ல சார், செலவு" என்று அவரைவிட உறுதியாக நின்றாள்.

"செலவு என்று எழுதினேன்."

"முதலாளி ஒப்புக்கொண்டாரா?"

"மூன்று நாள் என்னோடு பேசவில்லை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்மணி குறிப்பெடுத்தார்.

(வறண்ட கிணறு செலவா சொத்தா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் நாற்பது பக்கம் இருக்கிறது. உலகம் இதில் இரண்டு கட்சி. நாற்பது பக்கத்தையும் இங்கே எழுதிப் பார்த்து, அடித்துவிட்டேன்.)

"இன்னொரு கிணறு?"

"நன்றாக ஓடுகிறது."

"அதில் தண்ணீர் எத்தனை சதவீதம்?"

வயதான எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு தண்ணீரும் கலந்து வருமாம். அதனால் கேட்டார். நர்மதாவின் பதினோரு மாதப் படிப்பும் இந்த ஒரு பதிலில் போய்விடும். வாசலில் கோபால், 'இன்னா?' என்று கையை ஆட்டினான்.

"நூறு" என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போதிலிருந்து?"

"தோண்டின நாளிலிருந்து."

"மிகவும் வருந்துகிறேன்" என்றார் பெண்மணி. நிஜமாகவே குரல் கம்மியது.

"பரவாயில்லை மேடம். எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம்."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். இப்படியொரு நிலைமையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கணக்காளரை நான் பார்த்ததில்லை."

இணைப்பு அறுந்தது. நர்மதா, "நான் ஒண்ணும் மறைக்கலீங்க" என்று வெறும் திரையைப் பார்த்துச் சொன்னாள். கோபால் உள்ளே வந்து, "எல்லாம் போச்சா?" என்றான்.

"தெரியல. எனக்காக அழுதாங்க."

4

தேர்ச்சி என்று மின்னஞ்சல் வந்தது. சான்றிதழ் அச்சடிக்க ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்: பதவி. திங்கள் மாலைக்குள்.

திங்கள் காலை முதலாளியிடம் போனாள்.

"சார், மேனேஜர்னு போடட்டுமா?"

"சர்டிபிகேட்டக் கொண்டா. பார்த்துட்டு மேனேஜர் ஆக்குறேன்."

"பதவியப் போட்டாத்தான் சர்டிபிகேட்டே அடிப்பாங்களாம்."

"அப்ப அசிஸ்டென்ட்னு போடு."

"அதப் பார்த்துட்டு, நீ அசிஸ்டென்ட்தானேன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன். எழுத்துல இருக்குமில்ல?"

5

முடிவு அ: அவள் மேனேஜர் என்று எழுதினாள். (தண்ணீரைக்கூட மறைக்காதவள் இதை எழுதுவாளா?)

முடிவு ஆ: அசிஸ்டென்ட் என்று எழுதினாள். துளசிராமன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் தலைக்கு மேலேயே மாட்டி... (இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

அன்று மாலை ரயிலில் கதையை இந்த இரண்டு முடிவுகளோடும் அவளிடம் படித்துக் காட்டினேன். கவரைப்பேட்டை தாண்டும்வரை கேட்டாள். பிறகு, "மொத்தமும் நல்லாக்கீதுக்கா. முடிவ மட்டும் நீங்க போடாதீங்க. எனக்கு பதிலா எல்லாரும் போட்டுக்கினேதான் இருக்காங்க" என்றாள்.

செல்போனை எடுத்து அந்தப் பதவிக் கட்டத்தைத் திறந்தாள். கட்டைவிரல் மேலே கொஞ்சம் நின்றது. பிறகு எழுத ஆரம்பித்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.