பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஒரு கையால் ஐஸ் துண்டை அப்பாவின் உதட்டில் வைத்துக்கொண்டே, மறு கையால் தம்பிக்குப் போன் போட்டாள் நடீன்.

“டுவேன், ஒரு மணி நேரம்கூடத் தாங்காதுன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போறாங்க. ஷூ லேஸ் கட்டக்கூட நிக்காத. அப்படியே கிளம்பி வா.”

“கிளம்பிட்டேன்” என்று வைத்துவிட்டான்.

ஆற்றுக்கு அந்தக் கரையில், பென்சில்வேனியாவில், அவன் வீடு. இந்தக் கரையில், நியூஜெர்சியில், ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு பாலம். காரில் இருபது நிமிஷம். பதினோரு நாளாகத் தினமும் வந்தான். ஒவ்வொரு முறையும் இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றிச் சமையலறை டிராயரில் பூட்டிவிட்டுத்தான் புறப்படுவான். அந்தக் கரையில் செல்லுபடியாகும் லைசென்ஸ், இந்தக் கரையில் வெறும் அட்டை; துப்பாக்கியோடு பிடிபட்டால் ஜெயில். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் காலையில் பெல்ட்டோடு சேர்ந்து இடுப்பில் ஏறுகிற சாமான் அது. அப்பா சாகக் கிடக்கும்போது அதைக் கழற்றி வைக்க எவனுக்கு ஞாபகம் இருக்கும்?

“வந்துட்டானா?” கண்ணைத் திறக்காமல் அப்பா ஆர்வில் கேட்டார்.

“வந்துக்கிட்டே இருக்கான்பா.”

“பறந்து வருவான், கழுதை. போலீஸ்ல மாட்டப்போறான்.” மூச்சு வாங்கியது. “மாட்டினா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே துப்பாக்கி இருக்குன்னு சொல்லிடணும். மறைச்சாத்தான் வம்பு.”

நடீனுக்கு அந்த டிராயர் ஞாபகம் வந்தது. வராந்தாவுக்கு ஓடிப் போய்த் தம்பியின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அழுத்தினாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“நான்தான், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். பாலம் இறங்கினதும் நிறுத்திட்டாங்க. வேகமா வந்தேன்ல.” டுவேனின் குரல் தணிந்திருந்தது. “அப்பா சொன்ன மாதிரியே கைய ஸ்டீரிங் மேல வச்சுக்கிட்டு, ‘சார், இடுப்புல துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் பர்ஸ்ல இருக்கு’ன்னேன். சொன்னப்புறம்தான் எந்தக் கரையில நிக்கிறேன்னே உறைச்சுது.”

“அப்பா சீரியஸ்னு சொல்லலையாடா?”

“சொன்னேன். அந்த ஆளுக்கே கஷ்டமாப் போச்சு. ஸாரின்னு சொல்லிட்டுத்தான் விலங்கு மாட்டினான். போனை அப்பா காதுல வை.”

வைத்தாள்.

“அப்பா, கீழ பார்க்கிங்லதான் இருக்கேன். லிஃப்ட் வரல. இதோ வந்துட்டேன்.”

ஆர்விலின் முகம் மலர்ந்தது. “அவசரமில்லடா. மெதுவா வா.”

அதற்குப் பிறகு அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கும் அவர் கண் அங்கேதான் இருந்தது. நர்ஸ் வந்து மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, கேஸ் நடக்கும்வரை என்று டுவேனை வெளியே விட்டார்கள். குறைந்தது ஐந்து வருஷம் விழக்கூடிய கேஸ், முதல் தடவை என்பதால் பேசிப் பார்க்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வாடகைக் காரில் நேரே கல்லறைக்குத்தான் வந்தான். பாதிரியார் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தார். சவப்பெட்டியைத் தூக்க ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது கைப்பிடி அவனுக்காக இருந்தது.

புல்லில் நாலடி வைப்பதற்குள் ஷூ காலை விட்டுக் கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டு, நடீனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“உள்ள போறப்ப, தூக்குப் போட்டுக்கக் கூடாதுன்னு லேஸை உருவிட்டாங்க. திருப்பித் தந்த கவரை எங்கயோ விட்டுட்டேன்.”

நடீன் காருக்குப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த அப்பாவின் பையைத் திறந்தாள். சட்டை, கண்ணாடி, அடியில் அவருடைய வேலை ஷூ. அதிலிருந்த பழுப்பு லேஸ்களை உருவிக்கொண்டு வந்து, ஈரப் புல்லில் தம்பியின் காலடியில் மண்டியிட்டாள்.

“விடு நடீன். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாத்துட்டுப் போகட்டும். காலை நீட்டு.”

ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்தாள். அவசரப்படவில்லை. பாதிரியாரும் காத்திருந்தார். இரண்டு கால்களிலும் இரட்டை முடிச்சாகப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

டுவேன் போய் அந்த ஆறாவது கைப்பிடியைப் பிடித்தான்.