எடை நாளில் இரண்டு வாழைப்பழம்

சத்துமாவு மையத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மதிப்பீட்டுக்காரிக்குத் தலை வெடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு குழந்தை அழுதால் சமாளிக்கலாம். கூடம் நிறையக் குழந்தைகள், அத்தனையும் ஒரே நேரத்தில் வீரிட்டால் மனுஷி என்னதான் செய்வாள்?

"ஏன் இப்படிக் கத்துதுங்க?" என்று மையத்தை நடத்தும் அக்காவிடம் கேட்டாள்.

"பல்லு முளைக்குது மேடம்."

"எல்லாருக்கும் இன்னைக்கேவா?"

அக்கா உத்தரத்தில் தொங்கிய எடைத் தராசின் கொக்கியைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கொக்கி அது. சரியான கல்லுளிமங்கி என்று மதிப்பீட்டுக்காரி மனசுக்குள் வைதாள்.

அவள் வந்த வேலை இதுதான். இந்த மையத்தில் மாதாமாதம் மாவு கொடுக்கிறார்கள், மாவும் நல்ல மாவு. ஆனால் ஒரு பிள்ளைகூடத் தேறின பாடில்லை. எடை பார்த்ததும் பிள்ளைகளை மூன்று நிறமாகப் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி, மஞ்சள் என்றால் மாவு, பச்சை என்றால் தேறியாச்சு, மாவு நின்றுவிடும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் மஞ்சளிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பணம் கொடுக்கிற புண்ணியவான்கள், எங்கள் மாவெல்லாம் எங்கேதான் போகிறது என்று கேட்டுவிட்டார்கள். இயக்குநர் அதைத் தூக்கி இவள் தலையில் போட்டுவிட்டார். மாவைக் கடையில் விற்றுவிடுகிறார்கள் என்றுதான் அவளுக்குச் சந்தேகம். காலையில் வந்ததும் தெருவில் இருந்த கடையெல்லாம் ஏறி இறங்கினாள். ஒரு பொட்டலம்கூடச் சிக்கவில்லை, அது வேறு எரிச்சல்.

வரிசையின் கடைசியில் ஒரு சித்தாள் நின்றாள். கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, உடுப்பெல்லாம் சிமென்ட் தூசி. இடுப்பில் இருந்த பெண் குழந்தையைக் குண்டு, குண்டு என்று கொஞ்சிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். பெயருக்குத்தான் குண்டு. தூக்கினால் துவைத்து உலர்த்தின சட்டையளவுதான் கனப்பாள். அதற்குள் சித்தாளின் போன் அடித்தது. மேஸ்திரி.

"கொடுங்க, நான் பார்த்துக்கறேன். போய்ப் பேசிட்டு வாங்க" என்று மதிப்பீட்டுக்காரி கையை நீட்டினாள்.

சித்தாள் தயங்கினாள். "ஒண்ணும் கொடுத்துடாதீங்க மேடம். வயிறு சரியில்லை."

அவள் வாசலைத் தாண்டியதும் குண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு அழுகை, கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். வயிறு சரியில்லாத பிள்ளைக்கு வாழைப்பழம் நல்லதுதானே என்று மதிப்பீட்டுக்காரி தன் பையைத் துழாவினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த பழம். குண்டு அதைக் கடிக்கவில்லை, விழுங்கினாள். இன்னொன்றையும் உரித்துக் கொடுத்தாள். பிறகு பாட்டிலில் இருந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அந்தக் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. வந்ததிலிருந்து உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றுதான் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்த சித்தாள் பெஞ்சில் கிடந்த தோலைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"நாங்க அடுத்த மாசம் வரோம் மேடம்."

"அடுத்த மாசமா? நான் இன்னைக்கே எல்லாப் பிள்ளைங்க எடையையும் பார்த்தாகணும். அதோட, எடை பார்க்காம போனா இந்த மாச மாவு கிடையாது, தெரியும்ல?"

"விட்டுடுங்க மேடம், வயிறு சரியில்லாத பிள்ளை..." என்று அக்கா இழுத்தாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. காலையிலேர்ந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்றீங்க."

அவளே குண்டுவைத் தூக்கித் தராசில் உட்காரவைத்தாள். வேறு வழியில்லாமல் அக்கா எடையைக் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினாள். திரை பச்சையானது. டேப்லெட்டுக்குள்ளிருந்து படபடவென்று கைதட்டும் சத்தம் வந்தது. அந்த மையத்தில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். அழுத பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தராசில் ஆடிக்கொண்டே குண்டுவும் கைதட்டினாள்.

சித்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு அக்கா."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "நேத்து ராத்திரியிலேர்ந்து இதுங்க யாரும் சாப்பிடலை மேடம். எடை நாள்னா அப்படித்தான். பச்சைக்கு வந்தா மாவு நின்னுடும். அந்த மாவைத்தான் வீட்டுல அத்தனை பேரும் கரைச்சுக் குடிக்கறாங்க."

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா? மறந்துடப் போறாங்கன்னு முந்தின நாள் வீடு வீடா போய் ஞாபகப்படுத்தறதே நான்தான்."

மதிப்பீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடும் இவர்கள் மேலா, அதற்குத் தண்டோரா போடும் அக்கா மேலா, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை எழுதின மகராசன் மேலா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, பையில் கிடந்த பழத்தை எடுத்தாளே, அந்தத் தன் கை மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அதை அழிச்சுட்டு மஞ்சள்னு போடுங்க."

"பச்சை விழுந்தா அழிக்க முடியாது மேடம். நேரா தலைமை அலுவலகத்துக்குப் போயிடும்."

போயே விட்டது. இயக்குநர் போனில் கூப்பிட்டார். "பிரமாதம்மா. நீங்க போன அன்னைக்கே ஒரு பச்சை. என்ன செஞ்சீங்க?"

"பழம் கொடுத்தேன் சார். தண்ணியும்."

"தமாஷெல்லாம் அப்புறம். அந்தத் தாயோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சிரிக்கச் சொல்லுங்க."

"சார், இது தப்பான பச்சை. இந்தப் பிள்ளைக்கு மாவை நிறுத்தக் கூடாது."

"பச்சையில என்னம்மா தப்பான பச்சை? விதின்னா விதிதான். மறுபடி மஞ்சளுக்கு இறங்கினா தானா சேர்ந்துடும்." வைத்துவிட்டார்.

"சார் என்ன சொல்றார் மேடம்?" என்று கேட்டாள் சித்தாள். இதற்குள் எழுந்து நின்றிருந்தாள். வயிறு நிறைந்த குண்டு அவள் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

"திரும்ப மஞ்சளுக்கு இறங்கினா மாவு கிடைக்குமாம்." கசப்பில் சொன்ன சொல்தான். சொன்ன பிறகுதான் மதிப்பீட்டுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்தாள் கோபப்படவில்லை. தூங்கும் பிள்ளையைத் தோளில் சரியாக ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ எத்தனை நாள் போடணும் மேடம்?"

"எதை?"

"பட்டினி. ரொம்பப் போட்டா சிவப்புக்குப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. நீங்க படிச்சவங்க, கணக்காச் சொல்லுங்க."

அந்தக் கணக்கு மதிப்பீட்டுக்காரிக்கு அத்துப்படி. எவ்வளவு குறைந்தால் மஞ்சள், எவ்வளவு குறைந்தால் சிவப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதை ஊர் ஊராகப் போய் விளக்குவதுதான் அவள் பிழைப்பு. சித்தாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்த மற்ற தாய்மார்களும் பேச்சை நிறுத்திவிட்டு, பதில் தெளிவாகக் காதில் விழவேண்டும் என்று பக்கத்தில் வந்து நின்றார்கள்.