நாலடிச் சுவரும் கல்லொட்டி மீனும்

எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் எரிச்சலோடு இறக்கிவிடுகிற இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் ஏறினால் வரும். அதற்கு மேல் கேட்காதீர்கள். தோட்டத்துக்கு மானம் உண்டு. எனக்குத்தான் அது கொஞ்சம் குறைவு.

முப்பத்தோரு வருஷம் நான் கான் கங்காணி. மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலை மலையில் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். அதை வெட்டுவதும் தூர்வாருவதும் என் ஆட்களின் வேலை. ஆனால் மாரிசாமி கங்காணிக்கு என்ன வேலை என்று லயத்தில், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் வேறொன்றுதான் சொல்வார்கள். காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவதற்கு முந்திய கால் மணி நேரம் பொய் சொல்வது.

என் காலில் கடித்த அட்டை ஒன்று அளவுக்கு மிஞ்சிக் குடித்து மயங்கி விழுந்தது. அதைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் இரண்டு நாள் கட்டிலில் வைத்திருந்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி பெரகல சந்திக் கடையிலிருந்து ஒரு துண்டுப் பாண் ரொட்டியைத் தூக்கிவந்து என் வாயில் போட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் வர மறுநாள் ஆயிற்று. இப்படி.

சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பேன். நாலாக மடித்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொள்வேன். துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரிக் கொஞ்சம் குனிவேன். சிரிக்கவே மாட்டேன். துண்டு கமக்கட்டுக்குப் போனால் பொய் புறப்பட்டுவிட்டது என்று எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது என்பதை நான் யோசித்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு பிற்பகல் ஓடை பெருகியது. மலையிலிருந்து உருண்டுவந்த கல்லும் மண்ணும் ரோட்டுப் பாலத்தின் வாயை அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர் திரும்பிக் கீழ் லயத்துக்குள் நுழைந்தது. கடைசி அறையில், எங்கள் பேச்சில் காம்பராவில், இருந்தவள் இராக்கம்மா. என் அண்ணன் பெண்சாதி, எனக்கு மதினி. கட்டிலின்மேல் ஏறி, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் நின்றாள். இது பொய் இல்லை.

அடுத்த வருஷம் பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு திட்டம் வந்தது. லயத்துக்கு மேலே ஓடையின் குறுக்கே நாலடிச் சுவர். வெள்ளம் உருட்டிவருகிற கல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும். அதை வருஷத்துக்கு ஒருதரம் நாங்கள் அள்ளவேண்டும். பாலம் அடைபடாது.

வரைபடத்தோடு வந்தவள் சிவரூபி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதுளைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதந்தான். படத்தில் சுவரின் ஓரமாகச் சின்னச் சின்னப் படிகள் போட்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டித் தண்ணீர் தேங்குகிற பள்ளம்.

"இது ஆருக்கு மிஸ் படி?" என்றான் ரெங்கசாமி. என் ஆட்களில் மூத்தவன், எனக்கு மச்சான் முறை. மிஸ் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினான். மற்ற ஆட்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் கோபிக்கவில்லை. "மீனுக்கு, அண்ணை. இந்த ஓடையில கல்லொட்டி இருக்கெல்லோ? மழை துவங்கினவுடனே அது மேல போய்த்தான் முட்டை இடும். குறுக்க சுவர் வந்தால் எங்க போகும்?"

கல்லொட்டி என்பது விரல் நீள மீன். வாயால் கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டு எவ்வளவு வேகமான தண்ணீரிலும் நிற்கும். கல்லில் படர்கிற பாசிதான் அதற்குச் சாப்பாடு.

"அப்ப மீனுக்குப் படி கட்டுறதுக்கு நாங்க கல்லு சொமக்கணும். நம்ம லயத்துக்குப் படி கேட்டு எத்தன வருசம் ஆச்சு கங்காணி?" என்றான் ரெங்கசாமி.

சிவரூபி ஒரு படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு கட்டம் இருந்தது: இடத்தை நன்கு அறிந்த மூத்தவரின் கூற்று.

"ஐயா, நீங்கள்தானே கனகாலமா இந்த ஓடையில வேலை செய்யிறனீங்கள்? நாலடிச் சுவரில இந்த மீன் ஏறுமோ, ஏறாதோ? நீங்கள் சொல்லுங்கோ."

பதினொரு ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பதினொரு முகங்கள் என்னைப் பார்த்தன. என் கை தானாகத் துண்டை அவிழ்த்தது.

"ஏறுங்க மிஸ்," என்றேன், மடித்துக்கொண்டே. "நம்ம பொம்பளைங்க மலையேறுற மாதிரி வரிசையாப் போகும். பின்னால ஒரு கங்காணி மீனு வரும். எண்ணிக்கை சரியான்னு பாத்துக்கிட்டே வரும்."

ஆட்கள் இருமத் தொடங்கினார்கள். சிரிப்பை அடக்குகிற இருமல். சிவரூபி சிரிக்கவில்லை. துண்டை அவிழ்த்துக் குனிந்து நிற்கிற கிழவனைக் கண்டு அவள் முகம் கூசியது. தனக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துவிட்டாள்.

"துண்டைக் கட்டுங்கோ ஐயா, வெயில். பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ. ஈரச் சுவரில ஒட்டிக்கொண்டு ஏறுமோ? உங்கடை கண்ணால பாத்தனீங்களோ?"

அப்போது அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் எழுதவேண்டும். அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். இல்லாவிட்டால் கங்காணி மீனுக்கு மீசை வைத்திருக்கலாம், அவளும் சிரித்திருப்பாள். நான் செய்தது வேறு. பொய்யைச் சின்னதாக்கினேன். நம்புகிற அளவுக்கு நறுக்கினேன்.

"பாத்தேங்க மிஸ். பக்கத்து டிவிசன்ல வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு ஒண்ணு இருக்கு. இதே நாலடி. மழை நாள்ல சுவர் நனைஞ்சிருக்கும்ல, அதுல வாயை வச்சு வச்சு ஏறும். அரை மணி நேரத்துல மேல போயிரும்."

"அந்தக் கட்டை ஒருக்காப் பாக்கலாமோ?"

"வழி சரிஞ்சு கெடக்குங்க."

அவள் எழுதினாள். என் பேரைக் கேட்டு எழுதினாள். பிறகு அடிமட்டத்தை வைத்து, வரைபடத்தில் படிகளின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். ஆட்கள் திரும்பிப் போகும்போது ரெங்கசாமி என் முதுகில் தட்டினான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சுவர் கட்டியாயிற்று. அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கல் முழுக்கச் சுவருக்குப் பின்னால் நின்றது, பாலம் திறந்தே இருந்தது, இராக்கம்மாவின் காம்பராவில் பாய்கூட நனையவில்லை. சுவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் சுவருக்குக் கீழே மீன் வந்து குவிந்தது. கல்லே தெரியாத அளவுக்கு வந்தது. ஒட்டியது, அரையடி ஏறியது, விழுந்தது. மறுபடி ஒட்டியது. கொழுந்துக் கூடையோடு தோட்டமே இறங்கி அள்ளியது. மூன்று நாள் எல்லாக் காம்பராவிலும் மீன் குழம்பு. நானும் சாப்பிட்டேன். ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் முட்டை இருந்தது. ருசியாகத்தான் இருந்தது.

மறு வருஷம் மேல் ஓடையில் கல்லெல்லாம் பச்சையாகிவிட்டது. தின்ன ஆளில்லாத பாசி. அது பிய்ந்துவந்து, லயத்துக்குக் குடிதண்ணீர் வருகிற பீலிக் குழாயை அடைத்தது.

"தண்ணியில பாசி வாடை அடிக்குது கங்காணியாரே," என்றாள் இராக்கம்மா, குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே. "ஒங்க மீனெல்லாம் எங்க? கங்காணி மீனு எல்லாத்தையும் வேற தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சா?"

கார்த்திகையில் சிவரூபி வந்தாள். சுவருக்குப் பின்னால் சேர்ந்த கல்லை நாங்கள் அள்ளிக்கொண்டிருந்தோம். அவள் கீழே இறங்கிச் சுவரடியில் குந்தினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். நாலைந்து மீன்தான் நின்றன. ஒன்று ஒட்டி ஏறி விழுந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு சுவரைக் கையால் தடவினாள்.

"பிழை என்னிலதான் ஐயா," என்றாள். "மேசனிட்ட அழுத்தமா, வழுவழுப்பாப் பூசச் சொன்னனான். வெள்ளைக்காரன்ரை கட்டு கரடுமுரடா இருந்திருக்கும், அதுதான் ஏறியிருக்கு. நான் அதைப் போய்ப் பாக்காமல் விட்டிட்டன்."

நான் குனிந்து, சுவரடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இன்னும் மூண்டு தோட்டத்துக்கு இதே மாதிரித்தான் வரைஞ்சு குடுத்தனான், படி இல்லாமல். உங்கடை கூற்றைக் காட்டித்தான் மேலிடத்தில கையெழுத்து எடுத்தது. வாற கிழமை கொங்கிறீற் போடத் துவங்குவினம். பூச்சை மட்டும் கரடாப் போடச் சொன்னால் காணும், என்ன?"

காணும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் போய்விடுவாள். இன்னும் மூன்று ஓடைகளில் மீன் ஒட்டி ஏறி விழும். அந்தத் தோட்டத்து ஆட்கள் என் பேரை அறியமாட்டார்கள்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும்," என்றேன். பெரிய விஷயம் சொல்லும்போது துண்டோடு நிற்கக்கூடாது என்று அவிழ்த்தேன். மடித்தேன். கமக்கட்டில் வைத்தேன்.

மேலே மண்வெட்டிச் சத்தம் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுவரின்மேல் உட்கார்ந்தார்கள். ரெங்கசாமி வெற்றிலையை வாயில் போட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டினேன். அது மரியாதையாக இல்லை. அவிழ்த்தேன். அவர்கள் அதற்கே சிரித்தார்கள். கடைசியில் அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னது பொய்ங்க மிஸ். மீனு ஏறாது."

சுவர் முழுக்க வெடித்துச் சிரித்தது. "பாத்தியா, பாத்தியா, புதுசா ஆரம்பிக்கிறாரு!" என்று ரெங்கசாமி தொடையில் அடித்துக்கொண்டான்.

சிவரூபி அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். ஏதோ புரிகிற மாதிரி அவள் முகம் மெல்ல மாறியது.

"அந்தக் கட்டு?"

"இல்லைங்க."

"வழி சரிஞ்சது எண்டனீங்கள்?"

"கட்டே இல்லைங்க மிஸ். வழி எதுக்கு?"

இதற்கும் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"ஏன் ஐயா?"

முப்பது வருஷமாகக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவன் நான். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோட்டத்தில் ஏச்சு வாங்கிப் பழகிய காது. அவள் படிவத்தைப் பைக்குள் வைத்து, பையின் வாரை இரண்டுதரம் சரிசெய்தாள். "நான் போய்ப் பாத்திருக்க வேணும்," என்றாள். "கிழவர் பொய் சொல்லிப்போட்டார் எண்டு நான் எழுத ஏலாது. நான் பாக்கேல்லை எண்டுதான் எழுதுவன்." எழுதினாள் என்றும், கந்தோரில் அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மற்ற மூன்று சுவருக்கும் படி வந்தது.

எங்கள் சுவருக்குத் திரும்பச் செலவழிக்க மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வரைபடத்தின் பிரதி ஒன்றை அவள் தபாலில் அனுப்பினாள். கடிதம் இல்லை. அடிமட்டக் கோடு படிகளின்மேல் அப்படியே இருந்தது.

"ஒன் பொய்க்கு நாங்க கல்லு சொமக்கணுமா மச்சான்?" என்று ரெங்கசாமி கேட்டான். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சுமந்தேன். மூன்றாவது ஞாயிறு அவன் வந்தான். கல் நெம்புகிற அலவாங்கை எடுத்துக்கொண்டான். பிறகு இன்னும் நாலு பேர். மாசி முடிவதற்குள் சுவரோரம் ஒன்பது படிகள் ஏறின. அந்த நாட்களில் பெரட்டில் என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஐப்பசி முதல் மழையில், விடிந்ததிலிருந்து படிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஏழு மீன் மேலே போயின. ஏழே ஏழு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்குகிற மாதிரி நின்று, போயின. எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்குச் சிவரூபி வந்தாள். கையில் அதே மாதிரிப் படிவம். நான் எழுந்து நின்றேன்.

"ஏழுங்க மிஸ்," என்றேன். "இப்பத்தான். என் கண்ணால."

"ஓம் ஐயா," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பேனாவைத் திறக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், பீலிக்கரையில் குடம் கழுவிக்கொண்டிருந்த இராக்கம்மாவிடம் நின்றாள்.

"அம்மா, இண்டைக்குக் காலமை இந்தப் படியால மீன் ஏறினதோ? பாத்தனீங்களோ?"

இராக்கம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். "ஏறுச்சும்மா. ஏழு ஏறுச்சு. எட்டாவது ஒண்ணு அஞ்சாம் படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிக் கீழ எறங்கிருச்சு. அது இவரு கண்ணுல படல. இந்த ஆளு அழுதுக்கிட்டு இருந்தாரு."

சிவரூபி பேனாவைத் திறந்தாள். மூத்தவரின் கூற்று என்ற கட்டத்தில் இராக்கம்மாவின் பேரைக் கேட்டு எழுதினாள். மழை வலுத்தது.

"ஐயா, இந்தக் குடையை ஒருக்காப் பிடியுங்கோ," என்றாள், திரும்பாமல்.

போய்ப் பிடித்தேன். இராக்கம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தாளில் ஒரு துளிகூட விழாதபடி, கையை நீட்டி, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.