சம்மந்தி பார்க்க வந்த பந்தல்

புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது ஊரில் உள்ளவன் எல்லாம் ரோட்டோரத்துப் புளியமரத்தை வெட்டிப் போட்டான். என் வீட்டுக்காரர் வீரமுத்து மட்டும் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தையே வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளினார். மறியல் நடத்திய சங்கத்தில் நாலு பேர் மெச்ச வேண்டுமாம்! கல்யாணமாகி வந்த வருஷம் நான் நட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி ஆளாக்கிய மரம் அது. வெயில் காலத்தில் குடும்பமே அதன் அடியில்தான் கிடக்கும். சோறு தின்பது, பேன் பார்ப்பது, வெள்ளரிப்பிஞ்சுக்குச் சண்டை போடுவது எல்லாம் அங்கேதான்.

“நம்ம புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போவணும்னுதான்டி வெட்னேன்” என்றார்.

“போவட்டும், எனக்கும் அதான் ஆச. அதுக்கு எம் மரந்தான் கெடச்சிதாய்யா ஒனக்கு?”

மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தை பிறந்ததும் சம்மந்தியம்மா ஆயம்மாள் சங்கராபுரத்திலிருந்து வந்தார். என் மகள் மணிமொழி அவர் வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிள்ளைக்கு வாயும் வயிறுமாக இருந்தாள். வைகாசியில் பிரசவம். ஆயம்மாள் எங்கள் தகரக் கூரையைப் பார்த்தார், மொட்டை மரத்தூரைப் பார்த்தார்.

“மரமும் பூட்ச்சி. சித்திர வெயில்ல இந்தத் தகர வூட்டுக்கு வவுத்துப் புள்ளக்காரிய எப்பிடிங்க அனுப்பறது? பிரசவத்த எங்க வூட்லயே பாத்துக்கறோம்.”

தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லையா? “சித்திரையில வந்து பாருங்க சம்மந்தி. நெழலு இல்லன்னா நீங்க சொல்றபடியே செய்யலாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அதற்குள் எந்த மரம் வளரும்?

மரம் வளராது, சுரைக்கொடி வளரும். வாசலுக்கு எதிரே குழி எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு விதை ஊன்றினேன். வீரமுத்து எங்கிருந்தோ சவுக்குக் கழி கொண்டுவந்து பந்தல் போட்டார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. அரிசி கழுவிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர் எதையும் நான் விடவில்லை. ஆட்டைக் கண்டால் விளக்குமாற்றோடு ஓடினேன். “இவளுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சி” என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்! சித்திரை பிறந்தபோது பந்தலை இலை மூடிவிட்டது, காய்கள் தலையில் இடித்தன. சிரித்தவர்களே சுரைக்காய் கேட்டு வந்தார்கள். ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

சொன்னபடி ஆயம்மாள் வந்தார். பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு மோர் கொடுத்தேன். அண்ணாந்து இலையையும் காயையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து நிற்க வேண்டும்!

“அண்ணே, நாளைக்குக் கள்ளக்குறிச்சியில கூட்டம். மேடைக்குக் கழி பத்தல. இத்தப் பிரிச்சிக் குடுண்ணே, ஒரு நாள்தான்.”

எனக்கு உயிரே போய்விட்டது. கழியைப் பிரித்தால் கொடி அவ்வளவுதான். சம்மந்தி எதிரில் கத்தவும் முடியாது. சம்மந்தி டம்ளரை வாயருகே வைத்தபடி என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரமுத்து எழுந்து பந்தற்காலைப் பிடித்துக்கொண்டார்.

“போன வாட்டி மரத்தக் குடுத்தேன். இந்த வாட்டி நான் வரேன். ராத்திரி முச்சூடும் நின்னு மேடை கட்டறேன், ஜெயிலுன்னாலும் வரேன். இது எம் பொண்ணுக்குப் போட்டது. இத்தக் கேக்காதீங்க.”

“இன்னாண்ணே, நாலு கழிக்குப் போயி...”

“தரமாட்டேன்னா தரமாட்டேன்!”

சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடேயே கிளம்பிப் போனார். ஆயம்மாள் மோரைக் குடித்து முடித்தார்.

“வெள்ளிக்கெழம நல்ல நாளு சம்மந்தி. வந்து பொண்ண இட்டுக்கினு போங்க” என்றார்.

அவர் எதிரிலேயே அழுதேன்.

வெள்ளிக்கிழமை மணிமொழி வந்து இறங்கினாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் பந்தலுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உள்ள வந்து சாப்புட்டுட்டுப் படுடி.”

“நான் வரலம்மா. இங்கயே பெத்துக்கறேன்” என்றாள்.