கண்ணை மூடச் சொன்னவன்

அந்த ஆறு மாடி கார் பார்க்கிங்கில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவர்கள் கூட வேலை பார்க்கும் செக்யூரிட்டிகள். ராத்திரி மூன்று மணி அடித்தால் அவர்கள் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் கட்டையைச் சாய்த்துவிடுவார்கள். அவள் மட்டும் வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள் கண் அசந்ததில்லை. கேலிக்கு வைத்த பெயரை அவள் பட்டம் போலத்தான் சுமந்தாள்.

அவளுடைய தம்பிக்குப் போட்டோ பைத்தியம். பகலில் அச்சகத்தில் வேலை. ராத்திரியானால் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் பெண், ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுக்கும் இரண்டு டிரைவர்கள், இப்படி.

"கலர்ல எடுத்தா சட்டையத்தான்க்கா பார்ப்பாங்க, மூஞ்சிய பார்க்க மாட்டாங்க" என்பான்.

கால் வலித்தால் அக்காவின் கூண்டுக்கு வருவான். அவள் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதே அவள்தான். படம் புரிகிறதோ இல்லையோ, அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். கெடுத்ததே அவள்தான் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள்.

ஒரு மழை இரவில் வந்து நின்றான்.

"அக்கா, தலையை அப்படியே கண்ணாடியில சாய்ச்சுக் கண்ணை மூடிக்கோ. நான் வெளியே இருந்து எடுக்கிறேன்."

"போடா, பார்க்கிறவன் தூங்கிட்டேன்னு நினைப்பான்."

"யார் பார்க்கப் போறாங்க? எனக்குத்தான்."

மூடினாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் "சிரிக்காதக்கா" என்று இரண்டு தரம் அதட்டல் வாங்கினாள்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்தார். அரைப் பக்கத்துக்கு அவள் முகம். கண்ணாடியில் வழியும் மழைக்குப் பின்னால் வாய் லேசாகத் திறந்து உறங்குகிறாள். சட்டையில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிகிறது. படத்துக்கு முதல் பரிசாம்.

"கட்டட ஓனர் காலையிலிருந்து கத்துறாரு. தூங்கினது தப்புதான், மன்னிக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா வேலை கிடையாது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே ஓடி வந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"நீதான் மூடச் சொன்னேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுடா."

அவன் மென்று விழுங்கினான். "அந்தப் போட்டியில சொல்லி வச்சு எடுக்கக் கூடாதுக்கா. தெரிஞ்சவங்களையும் எடுக்கக் கூடாது. விஷயம் வெளியே வந்தா பரிசைப் பிடுங்கிடுவாங்க."

"அப்போ என் வேலை?"

"வர்றேன். நான் பேசிக்கிறேன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என்ன இருந்தாலும் என் தம்பி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இவங்களை முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்." குரலில் ஒரு பிசிறு இல்லை. "அந்த வழியா போகும்போது பார்த்தேன். பாவம், அசதியில தூங்கிட்டாங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க சார்."

அவளுக்குக் காது அடைத்துப்போனது. வேலைக்கு உலை வைத்திருந்தால்கூட ஆறியிருப்பாள். தெரியாது என்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பார்த்தீங்களா, உங்களுக்காக அவரே கெஞ்சுறாரு" என்று மேனேஜர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "போட்டுட்டு ராத்திரி வேலைக்கு வாங்க."

பேனாவை எடுத்தாள். இவன் என் கூடப் பிறந்தவன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அது அவன் வாயிலிருந்து வர வேண்டியது என்று அடக்கிக்கொண்டாள்.

"நான் தூங்கலை சார்."

"அப்போ படத்துல கண்ணு மூடியிருக்கே, எப்படி?"

அவள் தம்பியைப் பார்த்தாள். இப்போதுகூட ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, சொல்லிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தரையைப் பார்த்தான், பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் கிளம்பட்டுமா சார்? ஒரு பேட்டிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"கிளம்புங்க சார்" என்றாள் அவள், மேனேஜர் வாய் திறப்பதற்கு முன்பே. சீட்டைத் தொலைத்துவிட்டு நிற்கும் கார்க்காரர்களிடம் பேசும் அதே மரியாதையான குரல்.

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் கிளம்பத்தான் செய்தான். அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை நின்றவள், தொப்பியைக் கழற்றிக் கையெழுத்துப் போடாத தாளின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.