இரண்டு கூ

பூனாகலைக்கு மேலே மலைமுகட்டில் யாராவது கூடாரம் போட்டால், தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர்கள் கீழேயிருந்து அந்திக்குக் கூவென்று குரல் கொடுப்பார்கள். மேலே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கூவாகப் பதில் தர வேண்டும். விடிந்ததும் அப்படியே. எண்ணிக்கை குறைந்தால் ஆள் தேடி ஏறிவருவார்கள். முகட்டின் மறுபக்கம் செங்குத்துப் பள்ளம்.

றஷீனா தேயிலைக்கு நடுவே ஏறி முகட்டைப் பிடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கணவர் ஹிஷாமோடு வருஷாவருஷம் நடந்த தடம். அவர் மௌத்தான பிறகு இதுதான் முதல் தடவை. பண்டாரவளை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுத் தன்னோடு பதுளைக்கு வந்துவிடும்படி, விதவைக்கான இத்தாக் காலம் முடிந்ததிலிருந்து அவளுடைய அண்ணன் பஸீல் காக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அவளால் தனியாக இருக்க ஏலாதாம். மலையில் ஒரு ராத்திரி தனியாக இருந்து பார்க்கிறேன், ஏலாவிட்டால் சாவியைத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“நரி வந்தா அதுக்கும் ஒரு பிளேன் டீ ஊத்திக் குடு,” என்றார் காக்கா.

கூடாரம் ஒருத்திக்கு அடங்கவில்லை. ஒரு முனையில் முளையடித்தால் மறுமுனையைக் காற்று தூக்கியது. கல்லை வைத்து அமர்த்தினாள். அந்தியில் மஃரிப் தொழுது எழுந்தபோது மூடுபனி லயத்து விளக்குகளை மறைத்திருந்தது. கூ வந்தது.

முதல் பதில் எப்போதும் ஹிஷாமுடையது. அவள் காத்திருந்தாள். கீழேயிருந்து மறுபடியும் கூ வந்தது. அவருக்காக ஒன்று கொடுத்தாள். பிறகு தன்னுடையதைக் கொடுத்தாள்.

அன்றிரவு அவள் அழவில்லை. தூங்கவுமில்லை.

விடிய வந்த கூவுக்கு ஒன்றுதான் கொடுத்தாள். இன்னொன்றுக்கு மூச்சை இழுத்தாள், வரவில்லை. கீழே திரும்பத் திரும்பக் கூவினார்கள். அப்புறம் சத்தம் நின்றது.

வெயில் வருமுன் நாலைந்து பேர் கயிறோடு ஏறிவந்தார்கள். கால்களில் அட்டை கடித்த ரத்தம். முன்னால் வந்தவரை மற்றவர்கள் ஜெயகுமார் என்று கூப்பிட்டார்கள்.

“மத்தவரு எங்கம்மா?”

அவள் கூடாரத்துக்குள் திரும்பிப் பார்த்தாள். அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விளிம்பில் இறங்கத் தொடங்கினார். ஈரப்புல்லில் கால் வழுக்கியது.

“எறங்க வேணாம். வேற யாரும் இல்ல. நான் மட்டுந்தான்.”

“ராத்திரி ரெண்டு கூ கேட்டுச்சே.”

“ரெண்டும் நான்தான். அவர் மௌத்தாகி ஒரு வருஷம்.”

கயிற்றில் இருந்தவரை மேலே இழுத்தார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கத் தவறிப்போச்சு, இனி இன்றைக்கு வேலை தரமாட்டார்கள் என்று ஒருவர் முணுமுணுத்தார். ஜெயகுமார் அவரைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“தனியா வர்றதுல ஒண்ணுமில்லம்மா. ஒண்ணு குடுத்தா, ஒரு ஆளுன்னு நாங்க பாத்துக்குவோம்.”

கூட வரச்சொன்னார்கள். பிறகு வருவதாகச் சொன்னாள். அவர்கள் தலைகள் தேயிலைக்குள் மறைந்ததும் போன் அடித்தது.

“எப்படி, ஏலுமா?” என்றார் காக்கா.

“ஏலும்னு சொல்லத் தெரியல்ல காக்கா. நான் பண்டாரவளை வீட்டுக்குத்தான் போறேன்.”

அவர் என்னவோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்து, தோளில் ஏற்றினாள்.